தாளில் விழுந்த மஞ்சள்

பன்னிரண்டு மணிக்குக் கிணற்றை மூடிவிடுவது என்று சுகாதார இன்ஸ்பெக்டர் உடையப்பன் சொல்லிவிட்டார். இப்போது மணி பதினொன்றே கால். வேப்பமரத்தடியில் நான்கு ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள்.

ஷேக் பரீது அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கீரமங்கலம் தோல் மண்டியில் இருபது வருஷமாக மேஸ்திரி. பூச்சி அரிக்காமல் இருக்கத் தோல்களைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக், கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பது அவர் வேலை. அந்தப் பீப்பாயைக் கிணற்றோரம் வைத்ததும் அவர்தான். அடித்தகடு இற்றுப்போனதை அவர் கவனிக்கவில்லை. ஒழுகித் தேங்கியதைக் குடித்து இரண்டு ஆடுகள் செத்த பிறகுதான், கிணற்றுக்குள்ளும் அது இறங்கியிருப்பது தெரிந்தது. அறுபது வீட்டுக்கு அந்த ஒரே கிணறு. சித்திரை வெயிலில் அடுத்த தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

உயர்நிலைப்பள்ளி ரசாயன வாத்தியார் ஆத்மநாதன் நாலு நாளாகப் பாடுபட்டார். செம்புறாங்கல்லை இடித்து, சலித்து, அடியில் துளையிட்ட பெரிய பானையில் நிரப்பி, கிணற்று நீரை அதன் வழியே சொட்ட விட்டார்.

"இந்தக் கல்லோட செவப்பு இரும்புத் துரு, பாய். பாஷாணம் துருவுல ஒட்டிக்கிட்டா லேசுல விடாது."

"அப்ப நான் ரெண்டு செம்பு குடிச்சுக் காட்டுறேன் சார்."

"நீங்க சாகலைன்னா தண்ணி சுத்தமாயிருமா? அது கொஞ்சங் கொஞ்சமா சேர்ந்து, வருஷங் கழிச்சு ஆளைக் கொல்லும். சோதனைத் தாள்தான் சொல்லணும்."

புட்டியில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, ஆசிட்டும் வடிந்த நீரும் ஊற்றி, மருந்து தோய்த்த தாளைப் புட்டியின் வாயில் கட்டினார். பாஷாணம் இருந்தால் தாளில் கறை விழும். குமிழி பொங்கியது. முன்பு கிணற்று நீரை நேரே ஊற்றியபோது தாள் கரும்பழுப்பாகியிருந்தது. இப்போது மெல்ல மஞ்சள் படர்ந்தது.

"கொறஞ்சிருக்கு, போகல. இதைப் புள்ளைகளுக்குக் குடுக்கச் சொல்ல முடியாது வாத்தியாரே," என்றார் உடையப்பன். மரத்தடியில் ஆட்கள் எழுந்தார்கள்.

காலிக் குடத்தோடு நின்ற மீனம்மாள், "பாய், ஒங்க பீப்பாயையும் உள்ள போட்டு மூடச் சொல்லுங்க," என்றாள்.

 பரீது தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சார், உப்பைப் பாத்தீங்களா?"

"எந்த உப்பு?"

"மண்டியில தோல்ல கறை விழுந்தா, நாங்க தோலைக் கொறை சொல்ல மாட்டோம். போட்ட உப்பைத்தான் மொதல்ல பாப்போம். கெட்ட உப்பு நல்ல தோலையும் கெடுத்துரும். நீங்க புட்டியில போட்டீங்களே, அது..."

ஆத்மநாதன் துத்தநாக டப்பாவை எடுத்துத் திருப்பினார். பள்ளிக்குப் புதிதாக வந்த மலிவுச் சரக்கு. "இதுலயே பாஷாணம் கலந்திருக்கலாம். நான் மொதல்லயே பாத்திருக்கணும்."

பள்ளியிலிருந்து கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீர் அரைப் புட்டி இருந்தது. அதே அளவு துத்தநாகம், அதே அளவு ஆசிட், பானையில் வடிந்த நீருக்குப் பதில் மட்டும் இது. தாளைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். தாள் வெள்ளையாகவே இருந்துவிட்டால் முந்தைய மஞ்சள் கிணற்று நீருடையது என்றாகும்; கிணறு போச்சு. நல்ல தண்ணீரில் கறை விழ வேண்டும் என்று பரீது அல்லாஹ்விடம் கேட்டார். இப்படி ஒரு துஆ அவர் அதுவரை கேட்டதில்லை.

வெள்ளை. இன்னும் வெள்ளை. பிறகு நடுவில் ஒரு மஞ்சள்.

உடையப்பன் இரண்டு தாளையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே மஞ்சள்.

"இன்னொரு தடவை," என்றார்.

மறுபடியும் அதே மஞ்சள். அப்போது மணி பன்னிரண்டரை.

மண்வெட்டிக்காரர்களைப் போகச் சொன்ன உடையப்பன், ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். "நேரா எறைச்சு யாரும் குடிக்கப்படாது. பானையில எறங்குனதுதான். நல்ல துத்தநாகம் வாங்கி வாரா வாரம் தாள் கட்டுங்க. பழைய கல்லை ஊருக்கு வெளியே ஆழமாப் பொதைக்கணும். யாரு பொறுப்பு?"

"நான்," என்றார் பரீது. கயிறு அவர் கைக்கு வந்தது.

"கல்லை என்னைக்கு மாத்துவீங்க பாய்?" என்றாள் மீனம்மாள்.

"வெள்ளிக்கிழமை."

"அன்னைக்குத்தான் தொழுகைக்குப் போயிருவீங்களே."

"மாத்திட்டுத்தான் போவேன்."

 மீனம்மாள் குடத்தைப் பானையின் சொட்டுக்கு நேராக வைத்தாள்.