பச்சைப் பாதையில் உடைந்த பூசணிக்காய்கள்

2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், புதன்கிழமை. பகலெல்லாம் கடும் வெயில். மாலையில் மேகம் திரண்டு, மழை பெய்யாமலே கலைந்தது. அன்று ஆயுத பூஜை.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் சாலை அப்பொழுதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நடுவே வாகனங்களுக்கும், ஓரத்தில் நடப்போருக்கும், இவ்விரண்டிற்கும் இடையே மிதிவண்டிகளுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கியிருந்தனர். மிதிவண்டிப் பாதைக்குப் பச்சை வண்ணம் பூசி, கார்கள் ஏறாதவாறு இரும்புக் கம்பங்களையும் நட்டிருந்தனர்.

அப்பாதையால் பெரும்பயன் அடைந்தவர் மருதை. மிதிவண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு கடைதோறும் தேநீர் விற்பவர். சென்ற ஆண்டு ஒரு பேருந்து உரசியதில் அவருடைய வலக்கை முறிந்தது. உள்ளே தகடு பொருத்திய மருத்துவர், அதே கை மீண்டும் முறிந்தால் இந்தத் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று எச்சரித்திருந்தார். ஆகவே, தனிப்பாதை வந்த பின்னரே அவர் மனைவி சந்திரம்மாள் பரணிலிருந்து கேனை இறக்கினார்.

ஆண்டுதோறும் பூஜை முடிந்ததும் கடைக்காரர்கள் குங்குமம் தடவிய திருஷ்டிப் பூசணிக்காய்களை நடுச்சாலையில் உடைப்பது வழக்கம். இருசக்கர வாகனங்கள் வழுக்கி விழுவதால், வாகனங்கள் செல்லும் பாதையில் உடைத்தல் கூடாது என்று இவ்வாண்டு காவல்துறையினர் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வணிகர் சங்கச் செயலாளரும் கார் உதிரிபாகக் கடை உரிமையாளருமான சுரேஷ்குமார் இதனைக் கடை கடையாகச் சென்று வலியுறுத்தினார். அனைவரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டனர். ஒரு காய்கூட நடுச்சாலையில் விழவில்லை. எல்லாம் பச்சைப் பாதையில் விழுந்தன.

மருதை கடைசிச் சுற்றுக்கு வந்த நேரம் அது.

"என்ன மருதைண்ணே, உங்க வண்டிக்குப் பூஜை போட்டாச்சா?" என்றார் சுரேஷ்குமார்.

"காலையிலயே பொட்டு வெச்சு எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு தம்பி."

"உங்களுக்குன்னு தனி ரோடே போட்டுக் குடுத்திருக்காங்க. வெறும் எலுமிச்சம்பழந்தானா?"

"அந்த ரோட்டுலதான் நீங்க பூசணிக்காய் உடைக்கிறீங்களே. காலையில நான் எப்படிங்க வர்றது?"

"அந்தப் பக்கம் உடைச்சா ஃபைன் போடுவாங்கண்ணே. இது வண்டி போற பாதை இல்லையே."

"சைக்கிளும் வண்டிதானுங்களே."

"காத்தால மாடு வந்து தின்னுட்டுப் போயிடும். கவலைப்படாம டீயை ஊத்துங்க."

மாடுகள் வந்தன. சதைப்பற்றைத் தின்று, தோலையும் குழம்பையும் மிதித்துப் பரப்பிவிட்டுச் சென்றன. மறுநாள் விடியலில், துண்டுகள் கிடந்த இடங்களிலெல்லாம் மருதை இறங்கி வண்டியைத் தள்ளியே வந்தார். துண்டுகள் தீர்ந்தன என்று எண்ணி ஏறி மிதித்தார். அங்கே பரவியிருந்த குழம்பு அவர் கண்ணில் படவில்லை. வண்டி வழுக்கிச் சரிந்தது. கேன் அவருடைய வலக்கையின் மீது விழுந்தது. தகடு வளைந்து, அதே எலும்பு மீண்டும் முறிந்தது. சுரேஷ்குமார்தாம் தம் காரில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும்.

சனிக்கிழமையன்று, பச்சைப் பாதையை எடுத்துவிட வேண்டும் என்ற சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று மாநகராட்சிப் பொறியாளர் அரவிந்தன் பார்வையிட வந்தார். கட்டுப்போட்ட கையுடன் மருதையும், உடன் சந்திரம்மாளும் வந்திருந்தனர்.

"நேர்லயே பாருங்க சார். இந்தப் பெயிண்ட் வழுக்குது. ஒரு மனுஷனுக்குக் கையே போச்சு," என்றார் சுரேஷ்குமார்.

"பெயிண்ட் வழுக்கலைங்க. பூசணிக்காய்தான் வழுக்குச்சு," என்றார் மருதை.

"பூசணிக்காய் வருஷத்துல ஒரு நாள்தான் சார். பெயிண்ட் தினமும் இருக்கு."

அரவிந்தன் சாலையை நெடுநேரம் கவனித்தார். ஒரு மிதிவண்டியும் வரவில்லை.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிறைய வரும் சார். இப்ப காலாண்டு லீவு," என்றார் மருதை.

"சரி, நீங்க இனிமே ஓட்டுவீங்களா?"

மருதை மனைவியைப் பார்த்தார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்க சார் ஓட்டுறது? டாக்டர் கேனையே தொடக்கூடாதுங்கறார்," என்றார் சந்திரம்மாள்.

"அப்ப யாருக்காகப் பாதைன்னு கேட்டா நான் மேல என்ன பதில் சொல்றது?" என்று அரவிந்தன் வருத்தத்துடனேயே கூறினார். பின்னர், கம்பங்களைத் தற்காலிகமாக அகற்றுமாறு உடன் வந்திருந்த பணியாளர்களிடம் கைகாட்டினார்.

"இந்தத் தெருவுல இனி நல்ல டீ கிடைக்காது, அதுதான் கஷ்டம்," என்றார் சுரேஷ்குமார். அவர் அதனை மனமாரவே கூறினார்.

கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. முதல் கார் பச்சை வண்ணத்தின் மீது ஏறி நின்றபோது முற்பகல் மணி பதினொன்று நாற்பது.