பதினாறு அடிக்கு நாலு அங்குலம்

சந்திரவதனா வீட்டின் பின்பக்கம் பலகையால் ஒரு டெக் கேட்டது தனக்காக அல்ல. மில்லிக்கனில் அந்த வீட்டை வாங்கிய நாள் தொட்டு, பின்கதவைத் திறந்தால் மூன்று படி, படிக்குக் கீழே புல். பத்தொன்பது வருடம் அது அவளுக்குப் போதுமாகத்தான் இருந்தது. போன வருடம் மாசியில் புருசன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தபிறகு, அந்த மூன்று படியைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மனுசன் முப்பது வருடம் பெரிய ட்ரக் ஓடியவர். வான்கூவருக்குப் போக நாலு நாள், வர நாலு நாள். பக்கத்தில் இருந்து யாராவது வழி சொன்னாலே முகம் கறுத்துவிடும். அப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் இருத்தி, வலக்கையாலும் வலக்காலாலும் உந்திப் போகச் சொல்லிப் பழக்கினார்கள். வீட்டுக் கார்ப்பெட்டில் அது ஒரு அடி போனது. பிறகு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. இடப்பக்கப் பார்வையும் பாதி போய்விட்டபடியால் மோட்டர் பூட்டிய நாற்காலி கூடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று இரவு அவர் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"என்னைத் தள்ளிக்கொண்டு திரியாதை."

கட்டிலில் இருந்து குளியலறைக்கு, அங்கிருந்து பின்பக்கக் கண்ணாடிக் கதவடிக்கு. அவ்வளவு தூரம்தான் அவர் தள்ள விட்டார். கோயிலுக்கு இல்லை, கலியாண வீட்டுக்கு இல்லை, பிளாசாவுக்கும் இல்லை. டொக்டரிடம் போகும் நாட்களில் வாசலிலேயே கண்ணை மூடிக்கொள்வார். திரும்பி வந்துதான் திறப்பார். அந்த மனுசனை ஒரு நாளாவது அவர் மனம் ஒத்து வெளியே கொண்டுவர வேண்டும். சந்திரவதனாவுக்கு அதைவிட்டால் வேறு ஆசை ஒன்றும் மிச்சமில்லை.

மகன் வினோதன் கணினியில் படம் கீறினான், நகரசபையில் பெர்மிற் எடுத்தான். பின்கதவின் மட்டத்திலேயே பலகைத் தளம், பதினாறு அடி நீளம், மூன்று பக்கமும் கைபிடி வேலி. வேலைக்குத் தலைமை தாங்க வந்தவர் பேனாட். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே வீட்டுக்குள் ஒன்பது பேர் படுத்தெழும்பிய காலத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பாயில் பாதியைப் பிடித்தவர். ஊரில் மேசன், இங்கே வீட்டு முன்றல்களில் கார் விடச் சீமெந்து ட்ரைவ்வே போடுகிறவர். மரவேலை அவருக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் முதலாளிகள். ஒருவர் குழி தோண்டினால் மூன்று பேர் எட்டிப் பார்த்து ஆழம் காணாது என்றார்கள். முதல் தூணுக்கு முன்னால் சந்திரவதனா தேசிக்காய் வெட்டினாள். பேனாட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எந்தச் சாமி கோபித்தாலும் மற்றச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் பேனாட்டைத் தனியே கூப்பிட்டு, தம்பி, நான் தண்ணி ஊத்திக் கழுவிற ஆள், தண்ணி தேங்கி நிக்கக்கூடாது, நாற்காலி வழுக்கி மனுசன் விழுந்திடுவார் என்றாள். அக்கா, அதை என்னட்டை விடுங்கோ என்றார் பேனாட்.

இரண்டாவது சனிக்கிழமை வினோதனை அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். பேனாட் நூல் பிடித்தார், உத்திரம் ஏற்றினார். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ரீஸ்கந்தராசா இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்ததால் அவருக்குச் சத்தம் எதுவும் கேட்டிராது. மனிதர்கள் வாயைத் திறந்து மூடுவதும், பலகைகள் தாமாகவே வந்து படுப்பதும், எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து றோல்ஸ் சாப்பிடுவதும்தான் தெரிந்திருக்கும். என்ன நினைத்தாரோ. முகத்தில் ஒன்றும் இல்லை.

ஞாயிறு பின்னேரம் கடைசி ஸ்குரூவும் இறங்கியது. வினோதன் சோடாவைக் குடித்து முடித்து, வெறும் தகரப் பேணியைப் பக்கத்தில் வைத்தான். யாரோ கால் தட்டிப் பேணி சரிந்தது. சரிந்தது நிற்கவில்லை. மெல்லப் புரண்டு, பலகை பலகையாகத் தாண்டி, யாருடைய அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டேயிருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். டெக்கின் மற்றத் தலைப்பில் இருந்த வேலியில் முட்டித்தான் பேணி நின்றது.

"வாட்டம் வைச்சனான்," என்றார் பேனாட். "தண்ணி ஓட வேணுமெல்லோ. பதினாறடிக்கு நாலு அங்குலம்."

வினோதன் குனிந்து, இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த கால் அங்குல இடைவெளியை விரலால் காட்டினான். தண்ணீர் அதற்குள்ளாலேயே கீழே போய்விடுமே அங்கிள், சரிவு எதற்கு என்றான். அந்த இடைவெளியை ஆணி வைத்து அளந்து அளந்து விட்டதே பேனாட்தான். சீமெந்துக் கையை மரத்திலும் வைத்துவிட்டார் மனுசன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் முழங்காலில் இருந்தபடி, இடைவெளிக்குள் விரலை விட்டு எடுத்து விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். சந்திரவதனாவுக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. கேட்டது அவள். அந்த ஏழு பேரிலும் சரி, அவளிலும் சரி, கழுவுகிற தரைக்கு வாட்டம் வேண்டாம் என்று நினைக்கக்கூடிய ஆள் ஒருவரும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பலகையைக் கழற்றி அந்தத் தலைப்பை உயர்த்துவதென்று முடிவானது. அதுவரை அப்பாவை இதில் இறக்கக்கூடாது, நாற்காலி உருண்டுவிடும் என்று வினோதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை மத்தியானம் வீடு வெறிச்சென்று கிடந்தது. ஆனி மாதத்து வெயில். பின்தெருவில் உள்ள மரங்கள் பஞ்சு விட்டிருந்தன; காற்றே இல்லாத காற்றில் அது தெரு முழுவதும் மிதந்தது. புருசனைக் கண்ணாடிக் கதவடியில் விட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, சந்திரவதனா டெக்கில் போய்க் காலை நீட்டி இருந்தாள். புது மரத்தின் மணம் கண்ணைச் சொருக வைத்தது. பஞ்சு ஒன்று பலகையில் இறங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு, சரிவின் பக்கமாகப் போனது. பின்னால் இன்னொன்று. அரைத்தூக்கத்தில் அவளுக்கு அந்தப் பேணியின் ஞாபகம் வந்தது. அதை ஒருத்தரும் தள்ளவில்லையே என்று நினைத்தாள்.

நினைத்தவளுக்குத் தூக்கம் போய்விட்டது. எழும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இஞ்சருங்கோ, வாசல் தாண்டுமட்டும்தான் பிடிப்பன். அதுக்குப் பிறகு கை வைக்கமாட்டன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி டெக்கைப் பார்த்தார். ரொக்கி மலைகளில் நாற்பது தொன் சுமையோடு இறங்கியவரின் பார்வை அது.

"இறக்கமோ?"

"ஓம். பேனாட்டின்ரை வேலை. வலக்காலை நிலத்திலை வைச்சிருங்கோ. நிப்பாட்ட வேணுமெண்டா அமத்துங்கோ."

"பிறேக்கை எடு," என்றார்.

வாசலைத் தாண்டியதும் அவள் கையை எடுத்தாள். எடுத்த கை தானாகவே திரும்பவும் போகப் பார்த்தது. இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். நாற்காலி போனது. போகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகம். செருப்பு பலகையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய தோளிலும் தலைமயிரிலும் பஞ்சு விழுந்தது, அவர் தட்டவில்லை. வீட்டுச் சுவரின் நிழல் முதுகை விட்டு வழுகி, வெயில் முழுதாக அவர் மேல் விழுந்தது. பதினாறு மாதமாக அவள் இதைத்தானே கேட்டாள். கேட்டது கண்முன்னால் நடக்க, கனவில் ஓட முடியாமல் நிற்பதுபோல நின்றாள்.

பாதி வழியில் நாற்காலி நின்றது. ஐயோ என்று ஒரு காலை எடுத்து வைத்தவள், பிறகுதான் கண்டாள், அவர் காலை அமத்தியிருந்தார். முட்டாமல், மோதாமல், தனக்குப் பிடித்த இடத்தில், தானாகவே நிறுத்தியிருந்தார். கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு காலைத் தூக்கினார். நாற்காலி திரும்பவும் போனது.

வேலியடியில் போய் நின்றதும் திரும்பிப் பார்க்காமலே, "இன்னொருக்கா," என்றார்.

அவள் அழுதுகொண்டே போனாள். பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக மேலே இழுத்தபோது அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு எத்தனை தரம் இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது; இரவு தோள் இரண்டும் கழன்று விழுமாப்போல் நொந்தது. அந்த நோவோடு நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை பேனாட் தன் செலவில் வாங்கிய புதுத் தூண்களோடு, முகம் கொடுக்காமல் வந்து இறங்கினார். வினோதன் ட்ரில்லோடு அந்தத் தலைப்பு வேலியடிக்குப் போய்விட்டான். சந்திரவதனா அவனுக்குப் பின்னாலேயே போய், ஒரு ஸ்குரூவும் கழற்ற வேண்டாம் என்றாள். புதன்கிழமைக் கதையை அவன் முழுதாகக் கேட்கவேயில்லை. அம்மா, நான் சொல்லிப்போட்டுத்தானே போனனான், அப்பா விழுந்தால் யார் பொறுப்பு என்று அவன் குரலை உயர்த்தியபோது, பின்கதவு திறந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா வாசலில் இருந்தார். பக்கத்தில் நின்ற பேனாட்டிடம் ஏதோ சொன்னார். பேனாட் நாற்காலியை வாசல் தாண்டிவிட்டு, சுட்டதுபோலக் கையை எடுத்தார். நாற்காலி வரத் தொடங்கியது.

வினோதன் ட்ரில்லைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தான். சந்திரவதனா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நடுவழியில் நாற்காலி நின்றது. அவர் மகனை மேலும் கீழும் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணினாலும் குரல் தெளிவாக இருந்தது.

"விலத்தி நில்லடா. நான் வாறன்."

வினோதன் விலத்தி நின்றான்.