பித்தளையா, எலும்பா?

கிதாரின் கம்பியைத் தளர்த்தாமல் பின்னைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. டப்பென்று தெறித்த கறுப்பு முளை அவளுடைய மூக்குக் கண்ணாடியில் பட்டு, முன்னறைப் பட்டறை மேசைக்கடியில் எங்கோ போய் விழுந்தது.

"தளர்த்திட்டுப் பிடுங்குன்னு சொன்னேனா இல்லையா!"

உள்ளறையிலிருந்து கணவரின் குரல். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் நுழைந்து வந்த கோபம். கோபப்படட்டும், நன்றாகப் படட்டும் என்று இருந்தது அவளுக்கு. நேற்று முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கிடந்த மனுஷன். காலையில் வந்து பார்த்த நர்ஸ், போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில், "இன்னிக்கோ நாளைக்கோம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றாள். சொல்ல வேண்டியவன் என்று பக்கத்தில் இருந்தது அவள் தம்பி ஒருத்தன்தான். அவன் ஏதோ ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவன், பாதியில் எழுந்து, தோளில் கிதாரோடு அப்படியே வந்து நின்றான். சாகக் கிடப்பவரைப் பார்க்கக் கிதாரோடு வருகிற ஆள் அவனாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் அந்தக் கிதார்தான் அவரைக் கண் திறக்க வைத்தது.

"இன்னும் அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் வெச்சிருக்கியா மாப்ளே?"

தம்பி அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "வெச்சிருக்கேன் அத்தான். நல்லாத்தான் பாடுது."

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இது இந்த வீட்டின் பழைய சண்டை. கிதாரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் கட்டைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அதில் ஆறு ஓட்டை. கம்பியின் நுனியை ஓட்டைக்குள் விட்டு, அது மேலே வராமல் ஒரு சின்ன முளையால் அழுத்திப் பிடிப்பார்கள். அந்த முளைதான் பின். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் பிளாஸ்டிக்கில் செய்யலாம், எலும்பில் செய்யலாம், பித்தளையில் செய்யலாம். பின் மாறினால் கிதாரின் குரலே மாறும் என்பது கிதார் ரிப்பேர் செய்தே ஆயுளைக் கழித்த அவள் கணவரின் கட்சி. கல்யாண வீடுகளில் வாசித்தே தலை நரைத்த தம்பியின் கட்சி வேறு. "வயித்துக்குள்ள போற சாப்பாடு ஒண்ணு. அதை எந்தத் தட்டுல வெச்சா என்ன அத்தான்?" என்பான். இந்தச் சண்டையில் ஆறிப்போன காபிக்குக் கணக்கே இல்லை.

"கண்ணை மூடிக்கறேன். எதை வேணா போடு. எதுன்னு சொல்றேன்" என்றார் கணவர்.

"சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடுவேன்டா."

"சொல்லிட்டா?"

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "நான் ஜெயிச்சா இவ ஒரு தடவை உக்காந்து கேக்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான். எங்கிருந்தெல்லாமோ வந்த ஆட்கள் பின்னை மாற்றி வாசித்துப் பார்த்து, "அடடா!" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். கட்டிக்கொண்டவளோ அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலங்க" என்பாள். ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வராது. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லும் ஆள், தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் படியில் தடுக்கி விழுவார் என்பதைப் பார்த்துப் பார்த்து ஊறியவள். அவருக்கும் அது தெரியும். "இவ ஒருத்திதான்டா எங்கிட்ட நெஜம் பேசறா" என்று பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு அந்தக் கிதாரை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்.

இன்றைக்கும் வித்தியாசம் காதில் விழாமல் போய்விட்டால்?

ஆனாலும் சோதனை என்று வந்துவிட்டால் அது அவளுடைய தொழில். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். முதலில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினைக் குழாய் எட்டுகிற மட்டும் தள்ளி, சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அவருக்கு முதுகில் தலையணைகளை அடுக்கினாள். பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னை நான் மாத்துவேன். நீ வாசி. ஆனா நிறத்தைப் பார்த்தா உனக்குத் தெரிஞ்சுடும்."

"கண்ணை மூடிக்கறேன்க்கா."

"உன்னை நம்பறதுக்கு வேற ஆளைப் பாரு." கைப்பையிலிருந்து கடையில் பரிசோதனைக்கு வைத்திருக்கும் வட்டச் சட்டத்தை எடுத்து அவன் மூக்கில் மாட்டி, இரண்டு கண்ணுக்கும் கறுப்புத் தகட்டைச் செருகினாள். தம்பி ஆந்தை மாதிரி இருந்தான்.

"அத்தான், இவ என்னை என்னவோ பண்ணிட்டா!"

"இப்பதான்டா லட்சணமா இருப்பே" என்றார் அவர், அங்கிருந்து பார்க்காமலே.

அவசரத்தில் பிடுங்கித் தெறிக்கவிட்ட பின்னைத் தேடி எடுத்தாள். இந்த முறை ஒழுங்காகக் கம்பிகளைத் தளர்த்தி, கறுப்புப் பின்களைக் கழற்றி, அவருடைய டப்பாவிலிருந்த எலும்புப் பின்களைச் செருகினாள். தம்பி தடவித் தடவிச் சுருதி கூட்டினான்.

"ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு" என்றது உள்ளறை.

"கூட்டிட்டுத்தான் இருக்கேன், பொறுங்க!"

தம்பி ஒரே ஒரு தடவை ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டினான். அவளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கிதார் மாதிரி இருந்தது.

"எலும்பு" என்றார் அவர். "தொண்டையைக் கனைச்சுட்டுப் பேசற மாதிரி பளிச்சுன்னு இருக்கு பாரு."

அவளுக்குச் சரியா தப்பா என்று நடுவில் சொல்கிற பழக்கம் கடையிலும் கிடையாது. "அடுத்தது" என்று மட்டும் சொன்னாள். பழைய பிளாஸ்டிக்கையே திரும்பப் போட்டாள். தம்பி மீட்டினான்.

"போர்வைக்குள்ளருந்து பேசறான். பிளாஸ்டிக்."

"அக்கா, சரியா? சொல்லித் தொலையேன்!"

"வாயை மூடு. அடுத்தது."

கடையில் அவள் ஒரு வேலை செய்வாள். "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக்கொண்டே வரும்போது, நடுவில் ஒரு தடவை வில்லையைக் கழற்றி, அதே வில்லையைத் திரும்பப் போடுவாள். "ஆஹா, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு" என்று சொல்கிற ஆள் குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று பிடித்துவிடலாம். இப்போதும் கை தன்பாட்டில் அதைத்தான் செய்தது. கம்பிகளைத் தளர்த்தினாள். கறுப்புப் பின்களைப் பிடுங்கினாள். அதே பின்களை அதே ஓட்டைகளில் திரும்பச் செருகினாள். செருகி முடித்த பிறகுதான் திக்கென்றது. எதற்கு இப்படிச் செய்தேன்? சாகப்போகிற மனுஷனிடமா இந்தக் குயுக்தி?

தம்பி மீட்டிவிட்டான்.

உள்ளறையில் மூச்சு மட்டும் கர்ர் கர்ரென்று இழுத்தது.

"இன்னொரு தடவை" என்றார்.

தம்பி மீட்டினான். அவள் கிதாரை விட்டுவிட்டு உள்ளறை வாசற்படியில் போய் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். கண்களை இறுக்கி மூடியிருந்தார். புருவம் நெளிந்தது. பித்தளை என்று சொல்லிவிடுவாரோ? சொல்லிவிட்டால் என்ன செய்வது? உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வாயோரத்தில் சிரிப்பு வந்தது.

"மாப்ளே, எம்பொண்டாட்டி கடையில பண்ற களவாணித்தனத்தை எங்கிட்டயே காட்டறா. ஒண்ணும் மாத்தல அவ. அதே பிளாஸ்டிக்."

"ஐயோ!" என்று அவள் கத்திவிட்டாள். "அதேதாங்க! அதேதான்! முன்னாடி சொன்னதும் சரி, அதுக்கு முன்னாடி சொன்னதும் சரி!"

தம்பி சட்டத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, பிரிட்ஜைக் குனிந்து பார்த்தான். பிறகு கிதாரை மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நீங்க மனுஷனே இல்ல! இத்தனை நாளா உங்க கூடத் தெரியாம மல்லுக்கு நின்னுட்டேன்!" அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. அவர் இருமினார், சிரித்தார், மறுபடியும் இருமினார். கன்னம் சிவந்திருந்தது. கடைக்குக் கண் பார்க்க வந்த அன்றைக்கு அவளைப் பார்த்த அதே பார்வை. ஒன்றுமில்லாத கண்ணுக்கு வாராவாரம் பரிசோதனைக்கு வந்து நின்ற ஆள்தானே!

"பந்தயம்" என்றார் அவளிடம். "வா."

"எனக்குக் கேக்காதுங்க."

"வான்னா."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு மாட்டத் தம்பி சட்டத்தைத் தேடினான். "அதெல்லாம் வேணாம், இங்க தலையை வை" என்று தலையணையைத் தட்டினார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர் பக்கத்தில் கிடைத்த இடத்தில் சாய்ந்து படுத்தாள். அவர் தன் உள்ளங்கையை அவள் கண்கள்மேல் வைத்து மூடினார். கை வெதுவெதுப்பாக இருந்தது. நடுப்பகலில் தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படிப் படுத்திருப்பது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

தம்பி பட்டறைக்குப் போனான்; இனி பின் மாற்றுவதும் அவன் வேலை. அங்கிருந்து மீட்டினான்.

"பித்தளையா?" என்றாள்.

"பிளாஸ்டிக்" என்றார் அவர்.

அடுத்தது. "இது... பிளாஸ்டிக்."

"எலும்பு."

"நான்தான் சொன்னேனேங்க, என் காது அவ்வளவுதான்னு!" இவ்வளவு பெரிய ஆசையா கேட்டுவிட்டார்? பொன்னா பொருளா கேட்டார்?

"அடிச்சதும் வர்ற சத்தத்தையே நீ கேக்கறே. அதை விட்டுடு. அது எல்லாத்துலயும் ஒண்ணுதான். வாலைப் புடி. சத்தம் போய் அடங்குது பாரு, அதும் பின்னாடியே போ. பிளாஸ்டிக் சீக்கிரம் படுத்துடும். பித்தளை போய்க்கிட்டே இருக்கும்."

"எங்க போறது? உங்க மூச்சுதான் கர்புர்னு குறுக்க வருது. வாலே கேக்கலை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார்.

"சரி, பிடிச்சுக்கறேன் போ."

"என்னத்தை?"

"மூச்சைத்தான். ஒரு மீட்டலுக்கு முடியும். மாப்ளே, ரெடியா?"

"வேணாங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூச்சை இழுத்து நிறுத்திவிட்டார். தம்பி மீட்டினான்.

அறை நிசப்தமாக இருந்தது. சத்தம் வந்தது; பெரிதாக வந்து, குறைந்தது. அவள் விடாமல் பின்னாடியே போனாள். முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. இன்னும் இருந்தது. மெலிசாக, கூர்மையாக, எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"போகுதுங்க! போய்க்கிட்டே இருக்குது! பித்தளை! பித்தளை!"

"அடி சக்கை!" என்று பட்டறையிலிருந்து தம்பி கத்தினான்.

அவர் மூச்சை விட்டார். இருமல் வந்து கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அவள் எழப்போனாள். கண்மேல் இருந்த கை விடவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"நெஜமா?"

"நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் கன்னத்தில் அவருடைய கட்டைவிரல் அசைந்தது. "குருட்டாம்போக்குல வந்திருக்கும்" என்றார், குரல் தேய்ந்து. "இன்னொண்ணு கேளு. அப்பதான் ஒத்துப்பேன்."

"கேக்கறேன். டேய், சீக்கிரம் மாத்து!"

பட்டறையில் கம்பிகள் தளர்வதும், பின்கள் மேசையில் விழுந்து உருள்வதும் கேட்டன. தம்பி அவசரமாகச் சுருதி கூட்டினான். "ரெடி அத்தான்!" என்றான். அவர் மெதுவாக மூச்சை இழுப்பது அவள் காதோரத்தில் கேட்டது.

மீட்டல் வந்தது. இப்போது அவளுக்கு வழி தெரிந்திருந்தது. பெரிய சத்தத்தை விட்டாள். வாலைப் பிடித்தாள். இது அவ்வளவு நீளமில்லை. ஆனால் சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நுனிவரைக்கும் கூடவே போனாள். குறுக்கே எதுவும் வரவில்லை. அது அடங்கியது.

"எலும்பு!" என்றாள். சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. "எலும்புதானேங்க? சரிதானே?"

சமையலறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது இவ்வளவு நேரமும் இங்கே கேட்கவில்லை.

"அக்கா!" தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அத்தான் என்ன சொல்றாரு? ஒத்துக்கிட்டாரா இல்லையா?"

அவள் கண்களைத் திறக்கவில்லை. உள்ளங்கை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அதை எடுக்காமல், தலையை மட்டும் அவர் தோளுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வாசிடா" என்றாள்.