நல்ல இடத்தில் பட்ட அம்பு

...நுரையீரல் என்று ஏன் சொன்னான், வாய் தானாகச் சொல்லிவிட்டது, மானைத் துளைத்து வெளியே விழுந்த அம்பை மூக்கருகே கொண்டுபோனபோதே தெரிந்துவிட்டது, பச்சையாய் அரைபட்ட புல், சாணத்துக்கும் வாந்திக்கும் நடுவிலான அந்த நாற்றம், முப்பது வருடமாக இந்த மலையில் வில் தூக்குகிறவனுக்கு இதில் சந்தேகமே வராது, குடல், குடலேதான், ஆனால் எதிரே மகள் நின்றுகொண்டிருந்தாள், டெஸ்ஸா, பத்தொன்பது வயது, அவள் அடித்த முதல் எல்க் மான், "எங்கேப்பா பட்டிருக்கு?" என்று கேட்டாள், "நுரையீரல்ல. நல்ல அடி" என்றான் வெர்ன். சொன்ன பிறகுதான் சொன்னதே அவன் காதில் விழுந்தது. அம்பைப் பைன் சருகில் துடைத்து உறையில் செருகிக்கொண்டான், இனி அதை அவள் பார்க்க வேண்டாம். நுரையீரல் என்றால் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், ரத்தத் தடத்தில் நடந்தால் நூறடியில் கிடக்கும். குடல் என்றால் உயிர் போக ஆறு மணி நேரம் ஆகும். அந்தக் கொம்பன் மான் இப்போது கீழே சரிவில் எங்கேயோ படுத்திருக்கும், வயிற்றில் ஓட்டையோடு, காதை மட்டும் திருப்பித் திருப்பி, இவர்கள் காலடி கேட்டால் எழுந்துவிடும், எழுந்தால் மலைமுகட்டைத் தாண்டி மூன்று மைல் போய் யாரும் பார்க்காத பள்ளத்தில் சாகும், கரடி தின்னும், அண்டங்காக்கை தின்னும், டெஸ்ஸாவுக்கு வாழ்நாள் முழுக்க முதல் எல்க் என்றால் அதுதான். ஆறு மணி நேரம் உட்கார வேண்டும். எதைச் சொல்லி உட்காரவைப்பது?

"அரை மணி ஆச்சு" என்றாள். காப்பி முடியட்டும் என்றான். "அந்தக் காப்பியை ஒரு ஊரே குடிக்கலாம்பா." முட்டி வலிக்கிறது என்றான். "எந்த முட்டி?" "இடது." "காலையில வண்டியை விட்டு இறங்கறப்ப வலதுன்னு சொன்னே." குடுவை மூடியில் காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தான், சூடா கசப்பா ஒன்றும் தெரியவில்லை, மே மாதத்திலிருந்து இப்படித்தான், பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க, மனைவி கேரலைப் புதைத்த அன்றும் கல்லறையில் நின்று, மண்வெட்டி வைத்திருந்தவனின் கையுறை கிழிந்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வேலைக்குப் போனான், சாலையில் சரளை நிரவும் இயந்திரத்தில் உட்கார்ந்தான், மட்டமாக நிரவினான். டப்பா உணவைச் சூடாக்கி நின்றுகொண்டே தின்றான். மிசோலா நகரத்தில் படிக்கும் டெஸ்ஸா செப்டம்பரில் வந்து, வேட்டைக்குப் போகலாமா என்றாள், போகலாம் என்றான். இன்று விடியலில் எழுபது அடி பின்னால் ஒரு மரத்தடியில் மண்டியிட்டுப் பெண் எல்க்கின் குரலை ஊதிக்கொண்டிருந்தான், அழைப்பவன் பின்னால், அடிப்பவள் முன்னால், வருகிற கொம்பன் குரலைத் தேடி அவளைத் தாண்டிப் பார்க்கும், அதுதான் முறை, அதனால் அவன் ஒன்றும் பார்க்கவில்லை, நாண் அதிர்ந்த சத்தம், குளம்புச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் அந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்று அதற்காகக் காத்திருந்து பார்த்தான், வரவில்லை.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பெய்தால் ரத்தத் தடம் கரைந்துவிடும், பெய்யாவிட்டாலும் பகல் முழுக்க இங்கேதான்... அவள் அதையும் பார்த்துவிட்டாள். "மழை வந்தா ஒண்ணும் மிஞ்சாதுப்பா. நுரையீரல்னா அரை மணின்னு ஏழு வயசுலேயே எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. இப்ப எதுக்கு முட்டை மேல உக்காந்த கோழி மாதிரி உக்காந்திருக்கே?" இன்னும் கொஞ்சம் என்றான். பிப்ரவரியிலும் இப்படித்தான், ஆஸ்பத்திரி நடைபாதையில் டாக்டர் கேரலுக்கு மிச்சமிருக்கும் நாளை வாரக் கணக்கில் சொன்னார், மாதக் கணக்கில் இல்லை, அதைக் கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, டெஸ்ஸா போனில் கூப்பிட்டாள், அம்மாவுக்கு மருந்து கேட்குது, நீ பரீட்சையைப் பாரு என்றான். அன்றும் வாய்தான். அவள் பரீட்சையைப் பார்த்தாள். ஏப்ரல் கடைசியில் வந்தபோது கேரலுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதைப் பற்றி டெஸ்ஸா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, திட்டியதில்லை, நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டான், மறந்துவிட்டாள் என்றுகூட.

அவள் எழுந்தாள். வில்லை எடுத்தாள், பையை மாட்டினாள், "நீ முட்டியைப் பாத்துக்கோ, நான் போறேன்" என்று சரிவில் இறங்கினாள். காய்ந்த கிளை ஒன்று அவள் காலடியில் முறிந்தது, அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும், இரண்டு அடி, நான்கு, ஏழு, கூப்பிட வேண்டும், என்ன சொல்லிக் கூப்பிடுவது, ஒன்பது, "டெஸ். நில்லு. குடல்." நின்றாள். "நுரையீரல் இல்ல. குடல்லதான் பட்டிருக்கு. பொய் சொல்லிட்டேன்." திரும்பி வந்து எரிந்து விழுவாள் என்று பார்த்தான், விழுந்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் திரும்பி வந்து பையைக் கழற்றினாள், பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். "தெரியும்" என்றாள். "அம்பைத் தரையிலேர்ந்து எடுத்ததே நான்தானே. எனக்கு மூக்கு இல்லையா?"

"அப்புறம் எதுக்குடி கிளம்பினே?"

"எவ்வளவு தூரம் போனா நீ வாயைத் திறப்பேன்னு பாத்தேன்."

முதல் தூறல் அவன் கையில் விழுந்தது, குளிர்ந்தது போலத்தான் இருந்தது, நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மா விஷயத்திலும் உனக்கு அப்பவே தெரி... என்று ஆரம்பித்தான். "தார்ப்பாயை எடுப்பா, நனையறோம்" என்றாள். எடுத்தான், இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை அவன் கையில், மரத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் போன் பேச்சு மறுபடி வந்தது, மருந்து கேட்குது என்று சொன்ன பிறகு எதிர்முனையில் சத்தமே இல்லை, ஹலோ என்றான், ஹலோ, ஹலோ, மூச்சு விடும் சத்தம் போல ஏதோ இருந்ததா, இருந்திருக்கலாம், அவள் எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பாள், அவனுக்குத் தெரியாது, லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவன்தான் வைத்தான்.