படிவத்தில் இரண்டாம் ஆள்

“ரெண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கணக்கெடுப்பை இஞ்சை பாக்கேலாது அண்ணை. சட்டப்படி தொண்ணூற்றிரண்டு வருசம் பொறுக்கவேணும்.”

“அப்ப எனக்கு நூற்றி நாப்பது தாண்டியிருக்கும். தடி ஊண்டிக்கொண்டு வாறன். நீங்கள் கதவைப் பூட்டிப்போடாதேங்கோ.”

ஜெயமலர் சிரித்துவிட்டாள். பழைய குடிசனக் கணக்கெடுப்பில் குடும்பப் பெயர் தேடி கனடாவின் ஸ்காபரோ நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு உதவுவது அவளுடைய வேலை. வருகிறவர்கள் அநேகமாக வெள்ளைக்காரர்கள். முன்னால் இருந்த பஸ்ரியன் மட்டும் தமிழர். ஊரில் போர் முடிந்த இந்த மூன்று கிழமையாகத்தான் வருகிறார்.

திரையில் 1911ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. ஒரு கொல்லன், மனைவி, ஆறு பிள்ளைகள். எட்டுப் பேருக்கும் ஒரே குடும்பப் பெயர்.

“உவையளுக்குச் சுகம். ஒரு பேரைப் பிடிச்சாப் பூட்டன் வரைக்கும் போகலாம். எங்களுக்குத் தேப்பன்ரை பேர்தானே குடும்பப் பேர். தலைமுறைக்குத் தலைமுறை மாறிப்போம். நானறிய இந்த நாட்டிலை அமிர்தநாதர் எண்டு ரெண்டே பேர். நானும் தம்பி அன்புராசாவும்.”

“தம்பி எங்கை, மார்க்கம் ரவுணிலையோ இருக்கிறார்?”

“அவன் வரவேயில்லை, பிள்ளை.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“ரெண்டாயிரத்து ஆறிலை வந்திடுவன் எண்டவன். கட்டிலும் வாங்கிப் போட்டிட்டன். அந்த நேரம் பாத்துக் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. ரெண்டாம் ஆள் எண்ட இடத்திலை, அவன் வரமுதலே அவன்ரை பேரை எழுதினன். தொண்ணூற்றிரண்டு வருசத்தாலை மற்றவை பாக்கலாமோ எண்டு கேட்டிருந்தது. ரெண்டு பேருக்கும் ஓம் போட்டன்.”

“பிறகு?”

“ஊரிலையிருந்து வெளிக்கிடுற பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். போர் முடிஞ்ச கையோடை வவுனியா முகாமிலையிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தவன். செத்த தம்பியைப் பங்கர்க் குழிக்கை வைச்சு மூடிப்போட்டுத்தான் ஓடி வந்தவையாம். மரணப் பதிவுமில்லை, சேர்டிபிக்கற்றுமில்லை. அவன்ரை பேர் கிடக்கிற கடைசிக் கடதாசி நான் எழுதின பொய்தான். அதை ஒருக்காக் கண்ணாலை பாக்கவேணும் போலை கிடந்தது.”

ஜெயமலர் திரையில் இருந்த எட்டுப் பெயர்களையும் பார்த்தாள். பத்து வருடத்துக்கு முந்திய கணக்கெடுப்பில் இருந்த பிள்ளை அடுத்த கணக்கெடுப்பில் இல்லாமற் போவதை அவள் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். ஏன் இல்லை என்று எழுத அந்தத் தாள்களில் இடமே இருப்பதில்லை.

“ரெண்டாயிரத்துப் பதினொண்டிலை திரும்பப் படிவம் வரும், என்ன?”

“ஓம் அண்ணை.”

“வீட்டிலை எத்தினை பேர் எண்டுதானே முதல் கேட்பாங்கள்? அதை நிரப்ப ஒருக்கா வீட்டை வாறியளோ, தங்கச்சி? ஒராள் எண்டு எழுத எனக்குக் கை வராது.”