வீட்டு வேலைக்கு ஆள் தேவை

இந்தக் காலத்துச் சனத்துக்கு வாய் எதற்கு இருக்கிறதோ தெரியாது. ஆள் வேண்டுமென்றால் வாசல் படலையில் வந்து கூப்பிடுகிறதில்லை. பேப்பரில் போட்டுவிட்டு வீட்டுக்குள் குந்தியிருக்கிறது. அச்சில் வருவதில் பாதி பொய் என்பது மேசன் அப்புத்துரையின் எண்ணம். ஆனாலும் விசுவமடுச் சந்தியில் கடைக்காரக் கனகலிங்கம் அந்த விளம்பரத்தை வாசித்துக் காட்டியபோது, கிழவர் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

"வீட்டு வேலைக்கு நம்பிக்கையான முதியவர் தேவை. சாப்பாடு, தங்குமிடம் உண்டு. நேரில் வரவும்." கீழே கிளிநொச்சி விலாசம்.

சண்டையால் அரசாங்கம் சீமெந்துக்குத் தடை போட்ட நாள் முதல் அவரை மேசன் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. வெறும் கிழவர் ஆகிவிட்டார். "எங்கையோ சீமெந்து ஒளிச்சு வச்சிருக்கினம். அதுதான் நம்பிக்கையான ஆள் கேக்கினம்" என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக் குண்டையும் சாந்து பூசும் கரண்டியையும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார்.

கிளிநொச்சியில் அந்த விலாசத்து வீட்டுக்காரி கமலாசனி ரீச்சர். "விளம்பரம் பாத்து வந்தனீங்களோ? நல்லதாப் போச்சு ஐயா. முதல் வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கத்தைக் கூட்டிவிடுங்கோ" என்று விளக்குமாற்றைக் கொடுத்தார்.

நிலம் துப்புரவாக இருந்தால்தானே அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கலாம். அப்புத்துரை வேலி வரைக்கும் கூட்டினார். பிறகு நான்கு மூலைக்கும் தடி நட்டு நூல் கட்டினார். தூக்குக் குண்டைப் பழைய சுவரில் பிடித்துப் பார்த்து, "இதைக் கட்டினவன் கண்ணை மூடிக்கொண்டோ கட்டினவன்?" என்று பக்கத்து வளவுக்கும் கேட்கக் கத்தினார்.

ரீச்சர் பாதித் தேங்காயும் திருவலையுமாக வந்து, நூலில் கால் தடக்கி நின்றார்.

"இதென்ன ஐயா, உடுப்புக் காயவிடக் கொடி கட்டினனீங்களோ? காலிலை தடக்கப் பதிவாக் கட்டிப்போட்டியள். அது கிடக்கட்டும், இதைத் திருவித் தாங்கோ."

"சீமெந்து எங்கை அம்மா?"

"என்ன சீமெந்து?"

வேலிக்கு அப்பால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "ரீச்சர், மேசனைப் பிடிச்சோ கறி காய்ச்ச விடப்போறியள்?"

அப்புத்துரைக்குக் காது மடல் சுட்டது. கூட்டின நிலத்தைப் பார்த்தார். ஒரு சருகு இல்லை. அவ்வளவு வடிவாகக் கூட்டியிருந்ததுதான் அவரைக் கூடுதலாகக் கூச வைத்தது.

"குறை நினையாதையுங்கோ" என்றார் ரீச்சர், முகம் சுருங்கி. "வீட்டு வேலை எண்டு வடிவாத்தானே போட்டனான்."

"வீட்டு வேலை எண்டால் வீடு கட்டிற வேலை. நீங்கள் சொல்லிறது குசினி வேலை."

"சாப்பிட்டிட்டாவது போங்கோ ஐயா."

"வேண்டாம்."

அவசரமாகச் சுருட்டியதில் நூல் சிக்குப்பட்டது. சிக்கோடு மடியில் செருகிக்கொண்டார். சைக்கிளை உருட்டிப் படலை கடந்தும் மனம் ஒப்பவில்லை. கூட்டுகிறதும் திருவுகிறதும் வீட்டு வேலையென்றால், இத்தனை வருசம் தான் செய்ததற்கு என்ன பெயராம்? பிழை பேப்பரில்தான் என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பாராமல் நடந்தார்.