தறிக்கூடத்தில் ஓடிய ஊமைப்படம்

மகளுக்குத் திடீரென்று இவ்வளவு பாசம் எங்கிருந்து பொத்துக்கொண்டு வந்தது என்று கேட்க அம்மாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. பதில் தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்?

போன மாதம் வரைக்கும் "சும்மா தொணதொணக்காதம்மா" என்று எரிந்து விழுந்தவள், இப்போது பூங்கா, ஏரிக்கரை, துணிக்கடை என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். எல்லாம் அந்த டாக்டர், "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்கம்மா, பொண்ணுகிட்ட பேசணும்" என்று சொன்ன நாளிலிருந்துதான். பேசிவிட்டு நேராக வராமல், குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள் மகள். "சாதாரண சளிதாம்மா. மாத்திரையில சரியாயிடும்."

சளிக்கு யாராவது முகம் கழுவுவார்களா? யார் காதில் பூ சுற்றுகிறாள்! இந்த வித்தையில் அம்மா கரை கண்டவள் ஆயிற்றே.

மகளின் அப்பாவுக்கு நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்து, இனித் தேற மாட்டார் என்று அன்றைய டாக்டர் சொன்னபோது, அவரையும் இப்படித்தான் வெளியே உட்கார வைத்தார்கள். அம்மா சிரித்த முகத்தோடு வந்து, "வெறும் இருமல்தானாம்" என்றாள். அவர் கண்மூடும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனுஷன் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். பிறந்ததற்குத் தான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று மகளிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறாள். இப்போது மகளுக்காகவும் அதையே செய்துவிட வேண்டியதுதான். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே கூடாது.

இன்றைக்குப் பழைய மில் பக்கம். எல்லாவற்றையும் புதுப்பித்து, டிக்கெட் போட்டு, நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்களாம்.

"அன்னைக்கு உள்ளே போனா கூலி குடுத்தாங்க. இன்னைக்கு உள்ளே போக நாம குடுக்கணுமா? நல்லாயிருக்கே கதை!"

மஞ்சள் குடை பிடித்து முன்னால் நடந்த வழிகாட்டிப் பெண் திரும்பிச் சிரித்தாள். நல்ல பெண்தான். கொதிகலன் அறை உடற்பயிற்சிக் கூடமாகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

"இங்க நின்னா தானா வேர்த்துக் கொட்டும். இப்ப வேர்க்கறதுக்குன்னே வர்றாங்களா?" என்றாள் அம்மா. கூட்டமே சிரித்தது. சிரிப்பு இருமலாக மாறியபோது மகள் தண்ணீரை நீட்டினாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அம்மா பார்க்காத மாதிரி குடித்தாள்.

கடைசியில் தறிக்கூடம். அம்மாவும் அப்பாவும் ஒன்றாக வேலை பார்த்த இடம். இப்போது அது காப்பிக் கடை. தறிகள் இருந்த இடத்தில் மேசைகள். ஒரு வெள்ளைச் சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"மில் மூடறதுக்கு முன்னாடி எடுத்த படம். சத்தம் பதிவாகல, மன்னிச்சுக்கங்க" என்றாள் வழிகாட்டி.

சத்தம் எதற்கு? தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டை நன்றாக அசைத்து, குரலே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவன் பேசுவது இந்தக் கோடிக்குப் புரியும். குழந்தைக்குத் தெரியக்கூடாத சண்டைகளை எல்லாம் அம்மாவும் அப்பாவும் வீட்டிலும் இப்படித்தான் போட்டுத் தீர்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் சண்டையே போட்டதில்லை என்று மகள் இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

சுவரில் ஓர் ஆள் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவரேதான். அந்தக் கடைசி மாதங்களில் நெஞ்சுக்கு இதமாக இவள் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை. பக்கத்தில் தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் நின்றார். அப்பா அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அம்மா முகத்தைத்தான் பார்த்தாள், பேச்சைக் கோட்டைவிட்டாள்.

"என்ன சொல்றாரு? சம்பளம் எப்போன்னு கேக்கறாரோ?" என்று வழிகாட்டி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"அம்மா! அது அப்பாதானே?" மகள் தோளை இறுக்கினாள். "எவ்வளவு சந்தோஷமா இருக்காரு பாரு. ஒண்ணுமே தெரியாம. அதுக்கு நீதாம்மா காரணம்."

படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அம்மா கண்ணிமைக்கவில்லை.

'டாக்டர் அவகிட்ட சொன்னது எனக்கும் தெரியும்' என்றன அப்பாவின் உதடுகள். 'நீ ஒளறி வெச்சிடாதே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு தினமும் சிரிச்சிக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும்.'

அட பாவி மனுஷா!

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இவள் அழுத நாட்களில், தண்ணீர் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அப்பாவி என்று நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எப்படி உட்கார்ந்திருந்தாரோ. பயமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வீட்டில் ஓர் ஆள் இல்லை. ஃபிட்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு பாயில் படுத்துக்கொண்டு, கையைப் பிடித்து அழ வேண்டிய இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைப் போய்ப் பெருமை என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்தாளே! அதைக் கேட்டுத்தானே மகளும் படித்துக்கொண்டாள்.

"என்னம்மா, அழறியா? அப்பா என்ன சொல்றாருன்னு உனக்குப் புரியுதா?" என்றாள் மகள். பதிலுக்குக் காத்திராமல் கைப்பையை எடுத்தாள். "இரு, முகம் கழுவிட்டு வந்துடறேன்."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழுவ வேண்டாம். இங்கேயே அழு."

"அம்மா..."

"டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்டி."

எந்தக் கூடத்தில் வாழ்நாளெல்லாம் குரலில்லாமல் பேசினாளோ, அங்கே அதை அவள் வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"அன்னைக்கு நீ முகம் கழுவிட்டு வந்தியே, அப்பவே."

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அம்மா தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அவள் முதுகில் கை வைத்தாள். மஞ்சள் குடை வாசலில் நின்று இவர்களைப் பார்த்தது. பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"உங்கப்பாகிட்ட பேசாமலே விட்டுட்டேன்டி" என்றாள் அம்மா. "உன்கிட்ட பேசிட்டுத்தான் போவேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."